இரண்டரை அங்குலம்

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி.
கடலுக்கும் எங்களுக்கும் நடுவே
ஒரு தண்டவாளம், ஒற்றைத் தென்னை,
பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கி.

பதினொரு வருடம்
இடம் கிடைத்த இடத்தில் தைத்தேன்.
கட்டில் விளிம்பில், குசினி வாசலில்,
கரண்ட் இல்லாத ஒரு கிழமை முழுக்கப்
படிக்கட்டில்:
கை மெசின் மேல்படியில், நான் கீழ்ப்படியில்,
ஏறி இறங்குபவர்களுக்குக் காலை ஒதுக்கி ஒதுக்கி.

தோள் எரியத் தொடங்கியது.
டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
"என்ன வேலை?" என்றார்.
"வீட்டில்தான்."
"வீட்டில் என்றால்?"
நூற்றியோராம் நம்பர் பஸ்ஸில்
அந்தக் கேள்வியும் என்னோடு நின்றுகொண்டே வந்தது.

முதலில் வெளிச்சம்.
மேற்கு யன்னல் காலையில் சோம்பேறி,
மூன்று மணிக்குப் பிறகு கண்ணில் மிளகாய்த்தூள்.
அது இடக்கைப் பக்கம் வரவேண்டும்,
இல்லாவிட்டால் என் கையின் நிழலே
நான் தைக்கும் கோட்டில் படுத்துக்கொள்ளும்.
அப்படித் திருப்பினால் மேசை டீவியை மறைத்தது.
டீவியைத் தூக்கினேன்.
பரணீதரன் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் தானே வயரை நீட்டிப்போட்டுத் தந்தார்.

இரவுக்கு வெள்ளைக் குமிழ்.
மஞ்சள் குமிழுக்குக் கருநீலமும் கறுப்பும் ஒன்று.
அதை நம்பித்தான்
குளோரியா அக்காவின் கருநீலப் பாவாடையைக்
கறுப்பு நூலால் முடித்துக் கொடுத்தேன்;
கோயில் முற்றத்து வெயிலில்
முழுச் சபையும் கண்டது.

கடல் காற்றுக்கு இரும்பென்றால் ஆசை.
மாமைட் போத்தலில் ஒரு பிடி அரிசி போட்டு
ஊசிகளை அதற்குள் ஒளித்தேன்.
நூல்கட்டைகளை நிற வரிசையில் அடுக்கினேன்.
ஒரு நாள் தாங்கியது.
இப்போது அவசர வரிசை:
பள்ளிக்கூட வெள்ளை, அபாயாக் கறுப்பு,
கெய்சர் வீதியை இரண்டு சுற்றுச் சுற்றி வாங்கிய
றிஸ்வியாவின் பச்சை,
பாறையில் ஈரம் காயாத பாசி மாதிரி.

கடைசியாக மேசை.
எங்களிடம் ஒன்றுதான்.
சோறும் அதில், யதுசனின் கணக்கும் அதில்.
விமலசேன பாஸ் காதில் பென்சிலோடு வந்து
தட்டிப் பார்த்தார்.
"நல்ல தேக்கு, நோனா. மேசையில பிழை இல்ல.
கால்தான் கூட.
கொஞ்சம் இருங்க."
இருந்தேன்.
என் இஞ்சி டேப்பையே வாங்கி
மடித்த முழங்கையிலிருந்து தரைவரைக்கும்
கை படாமல் அளந்தார்.

எத்தனை பேரின் மார்பு, இடுப்பு, கைநீளம்
என் நீலக் கொப்பியில் கிடக்கிறது.
மெலிந்தவர்களின் பழைய சுற்றளவு,
கனடா போனவர்களின் தோள்.
என்னுடையது ஒரு இலக்கம்கூட இல்லை.
அன்றிரவு கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
முழங்கை, இருபத்தாறு.

"மாத்தயாகிட்ட கேட்டீங்களா?" என்றார் பாஸ்.
வாள் ஏற்கெனவே பைக்கு வெளியே இருந்தது.
"வெட்டுங்கோ."

இரண்டரை அங்குலம், நாலு காலிலும்.
மரத்தூள் வாசம் இரண்டு நாள்
குழம்பு வாசத்தோடு சண்டை பிடித்தது.

இப்போது எங்கள் வீட்டில் எல்லாரும்
கொஞ்சம் குனிந்துதான் சாப்பிடுகிறோம்.
யதுசனின் முழங்கால் மேசையில் இடிக்கிறது.
"குடும்பமே கூனப்போகுது" என்கிறார் பரணீதரன்
பருப்பை இன்னொருமுறை அள்ளிக்கொண்டு.
நான் அவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்,
தோளைத் தூக்காமல்.

வெட்டிய நாலு துண்டுகளையும் எறியவில்லை.
துணி வெட்டும்போது
மூலைக்கொன்றாய் வைக்கிறேன்.
நாலு ஐம்பது ரயில் போகிறது,
அலுமாரிக் கண்ணாடி நடுங்குகிறது,
கடல் காற்று உள்ளே வந்து
மாதிரிக் கடதாசியின் ஓரத்தைக் கிளப்பிப் பார்க்கிறது.
தேக்கு அசையவில்லை.
பச்சைக்குள் கத்தரிக்கோல்
பாதி வழி போய்விட்டது.

ஏழு மணிவரைக்கும்
சாப்பாட்டுக் கோப்பைகள் காத்திருக்கட்டும்.